நிறைமதியின் இரவு ஷிப்ட்

மாலை ஏழிலிருந்து பதினொன்று வரை
நான் நிறைமதி.

மணிக்கு நூற்றிருபது ரூபாய்.
அரவேணுவில் பேக்கரிக்கு மேல் ஓர் அறை.
காலைப் போர்வைக்குள் செருகி
லேப்டாப் சூட்டில் விரல் காய்ச்சியபடி
என் பங்குக்கு வந்த மூவாயிரம் பேருக்கு
தங்கையாக, மகளாக,
சிலருக்குச் சொல்லக் கூசும் வேறொன்றாக.

எட்டரைக்கு டிவியில் அவள் அழுவாள்.
விளம்பரம் முடியுமுன்
அந்தக் கண்ணீர் பன்னிரண்டு நொடி ரீல் ஆகிவிடும்.
ஒன்பதுக்கு எஃப்.எம்.மில்
அவள் மாமியாரோடு நேயர்கள் சண்டை போடலாம்.
அதற்கப்புறம் வாட்ஸ்அப்பில்
நிறைமதி உங்களோடு தனியாகப் பேசுவாள்.
அந்தத் தனிமை நான்தான்.

பேச வேண்டியதெல்லாம் எக்செல்லில் இருக்கிறது.
வரிசை எண் நான்கு: நீங்க இருக்கும்போது எனக்கென்ன பயம்?
பதினொன்று: சாப்பிட்டீங்களா?
பதினொன்றுக்குத்தான் பதில் குவியும்.
என்ன குழம்பு, யார் வைத்தது, ஏன் வைக்கவில்லை.
இத்தனை பேரை யாரும் கேட்பதேயில்லை என்று
இந்த வேலைக்கு வந்துதான் தெரிந்துகொண்டேன்.

அந்த வாரக் கேள்வி:
அப்பாவின் வீட்டுப் பத்திரத்தில்
நிறைமதி கையெழுத்துப் போடலாமா?
போடலாம் என்றால் ஒன்று. கூடாதென்றால் இரண்டு.
திருப்பூரில் ஒரு தையல் கம்பெனி முழுக்க இரண்டு.
ஷார்ஜாவிலிருந்து ஒரே ஆள் ஆறு முறை இரண்டு.
காட்சியை எடுத்து முடித்துப்
பதினேழு நாளாகியிருந்தது.

போஜராஜ் என்று பெயர் காட்டும் எண்ணிலிருந்து
தினம் ஒரே ஒரு சொல்.
'போடாதம்மா.'
மறுநாளும், 'போடாதம்மா.'
வரிசை எண் நான்கை அனுப்புவேன்,
கீழே ஓட்டுப் போடும் லிங்க்.

வெள்ளிக்கிழமை போட்டாள்.
திட்டித் தீர்த்தார்கள்.
கோபத்துக்கும் எக்செல்லில் இடம் உண்டு,
மூன்று ரகம், கூப்பிய கைகளோடு.

போஜராஜ் திட்டவில்லை.
'நானும் போட்டவன்தாம்மா. ஒண்ணே கால் ஏக்கர்.
அன்னைக்கும் இதே மழ.
இப்ப அந்தத் தோட்டத்து எலைய
என் லாரியில நானே ஃபேக்டரிக்கு ஏத்துறேன்.
ஒனக்குப் புரியும்.'

மழை என்று தேடினேன், எக்செல்லில் இல்லை.
இலை, இல்லை.
ஏக்கர் என்று தட்டினால் பேக்கரி விளம்பரம் ஏதோ வந்தது.
பதினொன்று தாண்டி ஆறு நிமிடம்,
சம்பளமில்லாத ஆறு நிமிடம்.
வெளியே தகரத்தில் அவர் சொன்ன மழையேதான்.
அனுப்பிவிட்டேன்:
'கிலோ பதினாலுக்கு எடுத்தா
யாருதான் விக்காம இருப்பாங்கண்ணா.'

இரண்டு நீலக் குறி.
அவ்வளவுதான்.

திங்கள் காலை பஸ் வரவில்லை.
இலை லாரி ஒன்று நின்றது.
கோத்தகிரிதானே, ஏறுங்க.
காலி வலைகளில் நேற்றைய பச்சை வாசனை.
முன்கண்ணாடியில் நிறைமதி,
சேனல் பஸ் ஸ்டாண்டில் கொடுத்த ஸ்டிக்கர்.

இரண்டாவது வளைவில் அவராகத்தான் ஆரம்பித்தார்.
'அந்தப் பொண்ணு எனக்குப் பதில் போட்டுச்சுங்க.
சென்னையில இருந்துக்கிட்டு
நம்ம எலை வெல தெரிஞ்சு வச்சிருக்கு.'
கியரை மாற்றினார். மாற்றி முடித்ததும் மறுபடி,
'பைசா சுத்தமா. பதினாலு.'

அப்படியா என்றேன்.
ராத்திரி குளிரில் என் குரல் கட்டியிருந்தது,
அது ஒரு சௌகரியம்.

வைப்பர் அவர் பக்கம் மட்டும் ஓடியது.
என் பக்கம் முழுக்க மூடுபனி,
அதன் நடுவே அந்த ஸ்டிக்கர்.
உள்ளிருந்து பார்த்தால் முகமில்லை,
பசை காய்ந்த வெள்ளைத் தாள்.

சாப்பிட்டீங்களா என்று
வாய் வரைக்கும் வந்தது.
அதற்குள் டானிங்டன் வந்துவிட்டது.